பேப்பரில் சுற்றவும்

அப்பா கொட்டாஞ்சேனையில் முப்பத்தொரு வருடம் ஆணுறை விற்றார்.

பனடோல், இருமல் பாணி, பால்மா, சர்க்கரை வியாதிக் குளிசை எல்லாம்தான் விற்றார். ஆனால் அவற்றை எந்தக் கடையிலும் வாங்கலாம். அவரிடம் தேடி வந்து வாங்கிய சாமான் இது. மரண அறிவித்தலில் மாமா 'பிரபல வர்த்தகர்' என்று போட்டார். பிரபலம் என்பது பொய். அப்பாவைத் தெரியும் என்று வெளியில் ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இருக்கவில்லை. அவருடைய வியாபாரமே அதில்தான் நின்றது.

பெயர் இரத்தினசிங்கம். வீடு வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடி. கடை கொட்டாஞ்சேனையில். இதில் ஒரு பூகோளம் உண்டு. வெள்ளவத்தையில் மருந்துக் கடைகள் ஏராளம். ஆனால் வெள்ளவத்தைக்காரன் அந்தச் சாமானை வெள்ளவத்தையில் வாங்க மாட்டான். கவுண்டரில் பக்கத்தில் நிற்பது பெரியம்மாவாக இருக்கலாம். ஆகவே இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவான். கொட்டாஞ்சேனைக்காரர்கள் அதே காரணத்துக்காக வெள்ளவத்தைக்குப் போனார்கள். பம்பலப்பிட்டியில் எங்கோ அந்த இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று தினமும் கடந்திருக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து இறங்கினால், கவுண்டருக்குப் பின்னால் நிற்பது தன் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே இருக்கும் இரத்தினசிங்கம்.

முதல் வருடம் பலர் வாசலிலேயே திரும்பிப் போனார்களாம். பிறகு அப்பா ஒரு முறை கண்டுபிடித்தார். பழைய நாட்காட்டித் தாள்களை நான்காக வெட்டி ஒரு கம்பியில் குத்திக் கவுண்டரில் வைத்தார். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். வாய் திறக்கத் தேவையில்லை. எழுதி நீட்டினால் போதும். சிலர் 'அது' என்று எழுதினார்கள். சிலர் 'வழமையானது'. ஒருவர், "எனது நண்பர் ஒருவருக்காக" என்று ஆரம்பித்துக் கடிதம் போல எழுதி, கடைசியில் தன் சொந்தக் கையொப்பத்தையும் வைத்தாராம். அப்பா துண்டை வாசிப்பார். முகத்தை நிமிர்த்த மாட்டார். சாமானை ஞாயிற்றுப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தில் சுற்றி நீட்டுவார். அந்தப் பக்கத்தை வேண்டுமென்றுதான் தேர்ந்தெடுத்தாரா என்று நான் கேட்டதில்லை.

துண்டில் எல்லாம் வந்தன. கர்ப்பம் பார்க்கும் குச்சி, மூலத்துக்கு மருந்து, பேன் மருந்து, 'பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் சிகரட்டை நிறுத்த ஏதாவது'. மருத்துவரின் துண்டில்லாமல் நித்திரைக் குளிசையும் வலி கப்சியூலும் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் அவர் வாய் திறந்து, மூன்று மொழியிலும், ஸ்டொக் இல்லை என்றார்.

இரண்டாவது சட்டம்: கடைக்கு வெளியில் யாரையும் அடையாளம் காணக்கூடாது. சிறுவயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியில் நடக்கும்போது, எதிரே வரும் ஆண்கள் எங்களைக் கண்டதும் வீதியைக் கடப்பார்கள். அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். எட்டு வயதில், அப்பாவுக்கு எதிரிகள் அதிகம் என்று நான் நினைத்தேன்.

துண்டு எழுதாத வாடிக்கையாளர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். யூஜினா அக்கா, கடைக்கு எதிர்ப்பக்கத்து வீடு. நான்கு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்து, தலையில் முக்காடு இருக்கும்போதே சத்தமாகக் கேட்பார்.

"இரத்தினம் அண்ணே, கொண்டம் ஒரு பெட்டி தாங்க. ஃபாதர் கேட்டா இருமல் பாணின்னு சொல்லுங்க."

"மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டுமே. கோயில்ல ஃபாதர் சொல்றாரு, வீட்டுல பெத்துக்கிறது நானு."

அப்பா சிவந்து போவாராம். இதை அவரே எனக்குச் சொன்னது அவருடைய கடைசி மாதங்களில். அதற்கு முன்பு வீட்டில் கடையைப் பற்றிப் பேச்சே இல்லை. அம்மா சொந்தக்காரரிடம், "இவருக்குக் கொட்டாஞ்சேனையில ஒரு ஸ்டோர்ஸ்" என்பார். அரிசி விற்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு.

வீட்டிலும் அதே முறைதான். எனக்குப் பதின்மூன்று வயதில் ஒருநாள் மேசையில் ஒரு பொதி இருந்தது. பத்திரிகையில் சுற்றி, நூல் கட்டியது. அப்பா அதை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் பொதி வந்தது. ஒரு சொல் வரவில்லை. கொழும்பின் பாதிக் குடும்பங்களின் படுக்கையறைச் செய்தி தெரிந்த மனிதர், மகளிடம் 'பஞ்சு' என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

நான் படித்தது மின்பொறியியல். லிப்ட் பராமரிக்கும் கம்பனியில் வேலை. லிப்ட் பழுதானால் ஓர் எண் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் எந்த இடத்தில் என்ன கோளாறு என்று தெரியும். லிப்ட் எதையும் மறைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கடையை விற்ற சில மாதங்களில் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பரிசோதனை செய்தார்கள். மருத்துவர் அப்பாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவையும் மாமாவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். புரொஸ்டேட் புற்றுநோய். எலும்புக்கும் போயிருக்கிறது. மாமா அம்மாவின் தம்பி, சிவபாதசுந்தரம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடப் பிரதி அதிபர். அன்று பின்னேரம் எங்கள் குசினியில் அவர் கூட்டம் நடத்தினார். அப்பா ஹோலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தானுக்கு ஒரு சொல்லும் தெரியக்கூடாது," மாமா சொன்னார். "தெரிஞ்சா மனுசன் அண்டைக்கே முடிஞ்சுது."

"மாமா, அவர் மருந்துக் கடை வச்சிருந்தவர்."

"அதனாலதான் சொல்றன். கவனமா ஒளிக்கோணும்."

"அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ," அம்மா சொன்னார். யாரும் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

மருந்துப் போத்தல் வந்தது. அதன் லேபிளை அகற்றும் வேலை எனக்கு. நான் ஒழுங்காகச் செய்தேன். லிப்டின் மின்தொடுப்புகளைத் துடைக்கும் ஸ்பிரிட் என்னிடம் இருந்தது. லேபிளை பிளேடால் சுரண்டி, பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே ஒரு விற்றமின் லேபிளை ஒட்டினேன். கோணல் இல்லாமல், குமிழி இல்லாமல். மருந்துக் கடை வைத்திருந்தவரை ஏமாற்ற, குளிசையை அதே வடிவத்திலும் அதே நிறத்திலும் மேலே பொறித்த அதே இலக்கத்தோடும் விட்டுவிட்டு, போத்தலை மட்டும் மாற்றினோம். மூவரில் ஒருவருக்கும் இது அப்போது தோன்றவில்லை. நான் பட்டதாரி. மாமா இரசாயனம் படிப்பித்தவர்.

அப்பா முதல் குளிசையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். விழுங்கினார்.

"நல்ல விற்றமின்," என்றார்.

அடுத்தது மகரகம. அது கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கடைகள் உண்டு, புடவைக்குப் பெயர் போன இடம். எங்கள் வீடுகளில் அது ஊரல்ல, புற்றுநோய் ஆஸ்பத்திரி. "மகரகமவுக்குக் கொண்டு போட்டினம்" என்று யாராவது சொன்னால், பிறகு ஒருவரும் விவரம் கேட்க மாட்டார்கள். அங்கே அப்பாவைக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது. அவர் நாற்பது வருடமாகக் கொழும்பில் இருப்பவர்.

எங்கள் தெரு முனையில் த்ரீவீல் ஓடும் முர்ஷித்திடம் முதலே சொல்லி வைத்தேன். பெயர்ப்பலகை இல்லாத ஒழுங்கைகளால் போக வேண்டும், இடத்தின் பெயரைச் சொல்லக்கூடாது.

"நான் வாயே தொறக்க மாட்டேன் மிஸ்," என்றான்.

வழியில் அப்பா கேட்டார். "முர்ஷித், எங்க போறம்?"

"சும்மா ஒரு ரவுண்ட் சேர்."

"ரவுண்டுக்கும் மீட்டர் ஓடுதே?"

முர்ஷித் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. பெரிது. மூன்று மொழியில். எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து நின்ற மாமா, ஓடிப் போய் அதன் முன்னால் நின்றார். மாமா உயரமில்லை, அகலமுமில்லை. அவரால் மறைக்க முடிந்தது தமிழ் வரியை மட்டும். அதை மிகக் கவனமாக மறைத்தார். கைகளைக்கூட விரித்தார். மேலே சிங்களத்திலும் கீழே ஆங்கிலத்திலும் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. அப்பா இரண்டையும் வாசித்தார். பிறகு மாமாவிடம், "சிவபாதம், வெயிலுக்க நிக்காதையும்," என்றார்.

அவருக்குத் தெரியாது என்று நாங்கள் இன்னும் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. மருந்தினால் அவருக்கு மார்பு பெருத்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு சைஸ் பெரிய ஷேர்ட்டுகள் வாங்கி வைத்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார். உடம்பு திடீரென்று வேர்க்கும். வெயில் என்றோம். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் வெயில் என்றோம்.

பிறகு வலி வந்தது. இடுப்பிலிருந்து முதுகு வரை. பின்னேரம் நான்கு மணிக்குக் கூடும். கட்டிலின் ஓரத்தில் இருந்து துவாயைச் சுருட்டிக் கடிப்பார். கத்தமாட்டார், பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது. அதற்கு நாங்கள் வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்தோம். அம்மா இஞ்சி அவித்துக் கொடுத்தார். பனடோல் கொடுத்தோம். முப்பத்தொரு வருடம் பனடோல் விற்றவர், அது எதற்குக் கேட்கும் எதற்குக் கேட்காது என்று தெரிந்தவர், அதை வாங்கி விழுங்கிவிட்டு, "இப்ப பரவாயில்லை," என்றார்.

கிளினிக்கில் மருத்துவர் மோர்பின் எழுதித் தந்தார். தனியார் கடையில் கிடைக்காது, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கையொப்பம் வைத்து எடுக்க வேண்டும். குசினியில் மீண்டும் கூட்டம்.

"மோர்பினோ? அது குடுக்காரர் பாவிக்கிற சாமானெல்லோ?" மாமா கேட்டார். குடு என்றால் ஹெரோயின். அந்தச் சொல்லை மட்டும் அவர் சிங்களத்தில்தான் சொல்வார், தமிழில் அப்படி ஒன்று இல்லாத மாதிரி.

"குடு வேற மாமா, இது வேற. ரெண்டுக்கும் அடி அபின்தான், ஆனா—"

"பாத்தியோ! நீயே சொல்லிப்போட்டாய்."

"டொக்டர் எழுதினது."

"நாளைக்கு ஆரும் கேட்டா என்ன சொல்றது? அறுபத்தெட்டு வயசில அத்தான் பழகிப்போட்டார் எண்டோ?"

"பழகி எத்தினை வருஷம் பாவிக்கப் போறார் மாமா?"

அம்மாதான் சொன்னார்: "அதில்லைப் பிள்ளை. அந்தப் போத்தலைக் கண்டா அவருக்கு விளங்கியிடும்."

இதுதான் எங்கள் பிரச்சினை. வலியைக் குறைத்தால் இரகசியம் உடையும். இரகசியத்தைக் காத்தால் வலி இருக்கும். நாங்கள் இரகசியத்தைக் காத்தோம். ஆறு நாள். மருத்துவரின் துண்டை மாமா பறிக்கவில்லை. அம்மா ஒளிக்கவில்லை. அது என்னுடைய கைப்பையில்தான் இருந்தது. நான் போகவில்லை. ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு ஹோலில் இருந்தபடி, துவாயைக் கடிப்பவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆறு நாளில் வெள்ளவத்தையில் ஏழு லிப்ட் திருத்தினேன்.

ஆறாம் நாள் அவருக்கு இஞ்சித் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். நாட்காட்டித் தாள், நான்காக வெட்டியது. முகத்தை நிமிர்த்தாமல் என்னிடம் நீட்டினார்.

பென்சிலில் எழுதியிருந்தது: 'மோர்பின். மலம் இறுகும், அதற்கும் சேர்த்து மருந்து எடுக்கவும். பேப்பரில் சுற்றவும்.'

தன் வாடிக்கையாளர்கள் நின்ற அதே நிலையில் இருந்தார். தலை குனிந்து, கண் நிலத்தில். நான் ஒன்றும் பேசாமல் துண்டை மடித்துக்கொண்டு போயிருந்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவருடைய முறை பிசகியிருக்காது.

நான் கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்தேன்.

"அப்பா, உங்களுக்குப் புரொஸ்டேட்டில கேன்சர். எலும்புக்கும் போயிட்டுது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். "அந்த லேபிளைச் சுரண்டினது ஆர்?"

"நான்தான்."

"எக்ஸ்பயறி டேட்டையும் சேத்துச் சுரண்டிப்போட்டாய். மருந்துக் கடைக்காரன்ர வீட்டில எக்ஸ்பயறி டேட் இல்லாத போத்தல். எனக்கு வருத்தத்தை விட அதுதான் வெக்கமா இருந்தது."

"எப்ப தெரியும்?"

"முதல் குளிசையிலயே. நான் அதை எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன்!"

"ஏனப்பா சொல்லேல்லை?"

"நீங்கள் மூண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டு ஒளிக்கிறியள். கொம்மான் வெயிலுக்க நிண்டு போர்டை மறைக்கிறார். அதைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொல்றது மரியாதையோ?"

நான் சிரித்தேன். அழவும் செய்தேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால் விக்கல் பிடித்தது. அப்பா இஞ்சித் தண்ணீரை என்னிடம் தள்ளினார். "குடி. வாயுவுக்கு நல்லது."

அம்மா வாசலில் நின்றார். "என்ன கதைக்கிறியள்?"

"கேன்சரைப் பற்றி," அப்பா சொன்னார்.

அம்மா சுவரைப் பார்த்தார். "மெல்லக் கதையுங்கோ. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்." சொல்லிவிட்டுத்தான் அவருக்கு அந்தச் சொல் விளங்கியது. வந்து கட்டிலில் இருந்தார். "உங்களுக்கு என்னண்டு தெரியும்?" என்று கேட்டார்.

"கலியாணம் கட்டி முப்பத்தாறு வருஷத்தில, அந்த 'விற்றமின்' வந்த அண்டைக்குத்தான் நீர் எனக்கு ரெண்டு முட்டை பொரிச்சீர்."

கீழே போய் முர்ஷித்தின் த்ரீவீலில் ஏறினேன். "மகரகம. கேன்சர் ஆஸ்பத்திரி," என்றேன். சத்தமாக. தெரு முனையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முர்ஷித், "ஒழுங்கையாலயா மிஸ்?" என்றான். "நேர் ரோட்டால போ."

பொதியைப் பேப்பரில் சுற்றவில்லை. லேபிள் தெரிய அவர் கையில் கொடுத்தேன். அப்பா முதலில் எக்ஸ்பயறி டேட்டைப் பார்த்தார். பிறகு குடித்தார். நாற்பது நிமிடத்தில் துவாயைக் கீழே வைத்தார். நான் அதைக் கொண்டுபோய்த் தோய்த்தேன். இரண்டு தரம் தோய்த்தும் பல் பதிந்த ஓட்டை போகவில்லை. அந்தத் துவாய் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு பதினொரு கிழமை. அந்தப் பதினொரு கிழமையில் அப்பா, முன்பு முப்பது வருடத்தில் கதைத்ததை விட அதிகம் கதைத்தார். கடைக் கதைகள் எல்லாம் அப்போது வந்தவைதான். ஒருவரின் பெயரும் சொல்லவில்லை. "மூண்டாம் மாடி" என்பார், நான் ஊகிக்கக்கூடாது. பெருத்த மார்பைக் காட்டி, "கொம்மாட்டக் கேட்டு ஒண்டு வாங்கித் தா," என்பார். அம்மா, "சீ, பிள்ளைக்கு முன்னால!" என்று எழும்பிப் போய், குசினியில் நின்று சிரிப்பார். வேர்த்தால் அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். மாதவிடாய் நின்ற காலத்தில் அம்மா வேர்க்கிறது என்றபோது மின்விசிறியைக் கூட்டாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாராம்.

மாமா வந்தால் மட்டும் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "வாயு," என்பார்.

ஒருநாள் மரண அறிவித்தல் பற்றிச் சொன்னார். "'காலமானார்' எண்டு போடு. 'இறைவனடி சேர்ந்தார்' வேண்டாம். அங்க போய்ச் சேந்ததை ஆர் பாத்தது? வருத்தத்தின்ர பேரையும் போடு. புரொஸ்டேட் எண்டு அச்சில வந்தா நாலு ஆம்பிளையளாவது போய்ச் செக் பண்ணுவாங்கள். நானும் மூத்திரம் போகேல்லை எண்டு சொல்ல ஒரு வருஷம் வெக்கப்பட்டனான்."

"உங்கட கடையிலயே துண்டு எழுதியிருக்கலாமே அப்பா?"

"ஆரிட்ட நீட்டுறது?"

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இறந்தார். வலி இருக்கவில்லை. அம்மா கையைப் பிடித்திருந்தார்.

அரை மணித்தியாலத்தில் குடியிருப்போர் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஆழ்ந்த அனுதாபங்கள், உடலைத் தயவுசெய்து படியால் இறக்கவும், லிப்டில் கொண்டுபோனால் பெண்களும் பிள்ளைகளும் பயப்படுவார்கள். நான் பதில் போட்டேன்: இந்த லிப்ட் எட்டுப் பேருக்கு, அறுநூற்று முப்பது கிலோ. அப்பா நாற்பத்தாறு கிலோ.

உள்ளே நீளம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. படுக்க வைக்க முடியாது. அவருடைய சக்கர நாற்காலியில் இருத்தி, கழுத்துவரை போர்வை போர்த்து, உடலைப் பொறுப்பெடுக்க வந்த மலர்ச்சாலை ஆள் பின்னால் பிடிக்க, நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் மாடியில் லிப்ட் நின்றது. ஒருவர் ஏறினார். பெயர் எழுதமாட்டேன். கையில் வெறும் மரக்கறிப் பை. குழுச் செய்தியைப் பார்த்திருக்கவில்லை. அவ்வளவு நெருக்கத்தில் கடல் பக்கம் திரும்ப வழியில்லை. அப்பாவைப் பார்த்தார், சங்கடப்பட்டார், கடைசியில் சிரித்து, "என்ன இரத்தினம் அண்ணை, சுகமோ?" என்றார்.

கடைக்கு வெளியே அப்பாவுக்குச் சுகம் கேட்ட முதல் வாடிக்கையாளர். "பரவாயில்லை," என்று நான் பதில் சொன்னேன்.

பொரளை மலர்ச்சாலைக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். நான் வாசலில் நின்றேன். கை கொடுத்த ஆண்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "அப்பாவைக் கோயில்ல தெரியும்." அப்பா கோயிலுக்குப் போனதே இல்லை. எழுபது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பின்னேரம் வெள்ளைச் சட்டையில் யூஜினா அக்கா வந்தார். வயது போய்விட்டது, குரல் போகவில்லை.

"மகளா? உங்க அப்பா எனக்குப் பதினாறு வருஷம் கொண்டம் வித்தாரு. அஞ்சாவது பெத்துக்காம இருந்தேன்னா அவராலதான். நல்ல மனுசன், பாவம், ரொம்ப வெக்கம்."

பின்வரிசையில் யாரோ ஓர் ஆண் சிரித்தார். அது பரவியது. பிணத்தைச் சுற்றி முப்பது நாற்பது ஆண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலைப் பத்திரிகையில் அறிவித்தல் வந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அலுவலகத்துக்குக் கொண்டுபோனது மாமா. 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. நோயின் பெயர் இல்லை. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மிஞ்சிய மோர்பினை மகரகமவுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு இருந்தது.

எட்டாம் நாள். சமைத்துப் படைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். மாமாவைக் கீழே விட லிப்டில் இறங்கினேன். இருவர் மட்டும். கதவு மூடியதும் மாமா சட்டைப் பையில் கையை விட்டார். மடித்த ஒரு துண்டை, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, என் கையில் திணித்தார். வடிவான வாத்தியார் எழுத்து.

'இரவில் ஆறு தடவை எழும்ப வேண்டியுள்ளது. எந்த மருத்துவர்? அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.'

வாசித்தேன். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். லிப்டின் பட்டன்களுக்குக் கீழே பூட்டிய சிறு பெட்டி ஒன்று உண்டு. அதன் சாவி என் கொத்தில் இருந்தது. திறந்து சுவிட்சைத் தட்டினேன். லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் நின்றது.

"என்ன பிள்ளை, பழுதோ?"

"இல்லை மாமா. நான்தான் நிப்பாட்டினன். வாயால சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"எழுதினதை."

மாமா கூரையைப் பார்த்தார். "இஞ்ச கமரா இருக்கெல்லோ?"

"படம் மட்டும்தான். சத்தம் வராது."

"நிருஷா, நான் உன்ர தாய்மாமன்."

"ஓம். அப்பா ஒரு வருஷம் சொல்லேல்லை. பிறகு நாங்கள் ஒண்டரை வருஷம் சொல்லேல்லை. அந்த ஆறு நாளும் எனக்கு இண்டைக்கும் காதில கேக்குது. சொல்லுங்கோ. நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்."

நெற்றியைத் துடைத்தார். துண்டை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், இனி மடிக்க முடியாமல் போனதும் பையில் போட்டார். லிப்டின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூத்திரம்," என்றார் மாமா. தொண்டையைச் செருமினார். "மூத்திரம் ஒழுங்காப் போகுதில்லை பிள்ளை. போன மாதம் ரத்தமும் போனது."

"சரி மாமா," என்றேன். சுவிட்சைத் திருப்பினேன். லிப்ட் இறங்கியது.